சோதனைக் குழாயிலிருந்து நோயாளியின் கட்டில் வரை



புதுவை நகரின் மேட்டுப்பாளையத்தில், தொழிற்பேட்டைக்குச் செல்லும் சாலையை அடுத்த ஒரு சிறிய இல்லத்தில் அண்மையில் நாம் நேரில் கண்ட நிகழ்ச்சியொன்று இம்மாதக் கட்டுரைக்குக் காரணமாயிற்று. அவ்வில்லத்துப் பெரியவர் தொழிற்சாலையொன்றில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு காலை ஆறு மணியளவில், அவர் கையிலிருந்த காப்பிக் குவளை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நாற்காலியிலேயே சரிந்தார். வாய் ஒரு புறமாகக் கோணிற்று. ஏதோ சொல்ல முயன்றார், சொற்கள் குழறின.

அவருடைய துணைவியார் பதறி அழைக்க, அக்கம்பக்கத்தார் ஓடினார்கள்; நாமும் ஓடினோம். ஓடிச் சென்று நாம் செய்தது என்ன? ஒருவர் தைலம் கொண்டுவந்து கையையும் காலையும் தேய்த்தார். “வாயுவாக இருக்கும், சற்று நேரத்தில் விட்டுவிடும்” என்றார் இன்னொருவர். கடைக்குச் சென்று சோடா வாங்கி வந்து புகட்டினோம், அவருக்குப் புரையேறிற்று. “திருப்பலி முடிந்து மூத்த மகன் வரட்டும், பிறகு முடிவு செய்யலாம்” என்று கூறப்பட்டபோது, அதுவே சரியென நாமும் தலையசைத்தோம். மகன் வந்து, வண்டி பேசி, பெரியதொரு மருத்துவமனையின் வாயிலை அடைந்தபோது மணி பதினொன்று.

அங்கே இளம் மருத்துவர் கேட்ட முதற்கேள்வி நோயைப் பற்றியதன்று; கடிகாரத்தைப் பற்றியது. “இவர் கடைசியாக நலமாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?”

“ஆறு மணிக்குங்க ஐயா, காப்பி கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தார்” என்றார் அம்மையார்.

மருத்துவர் முகம் வாடிற்று. தலையைப் படமெடுத்துப் பார்த்ததில், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயொன்றில் கட்டி அடைத்திருப்பது தெரிந்தது. “கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. நான்கரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் போட்டிருக்கலாம்” என்றார் அவர். வீட்டிலிருந்து மருத்துவமனைக்குச் சிறிது நேரப் பயணமே. ஐந்து மணி நேரத்தை நாம் வீட்டு முற்றத்திலேயே செலவிட்டிருந்தோம்.

அந்த ஊசி எவ்வாறு உலகுக்குக் கிடைத்தது என்பதை அன்றிரவு முதல் நாம் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க வெட்கமே மிகுந்தது. ஏனெனில் அதன் பின்னால் மூன்று தலைமுறை அறிஞரின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பின் தொடக்கக் கண்ணிகளுள் ஒன்று நம் சென்னையில் படித்த ஒருவரைச் சார்ந்தது.

எல்லாப்பிரகட சுப்பராவ் 1895-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்கு மாறாகக் குறைந்த தகுதிச் சான்றே பெற்றார் என்பர். பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். வயிற்றுப்பாட்டுக்காக அங்குள்ள மருத்துவமனையொன்றில் இரவு நேர ஊழியராக இருந்து, நோயாளிகளின் மலசலக் கலங்களைத் துப்புரவு செய்தார். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயைக் கையிலேந்தினார். பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, உடலிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925-இல் வகுத்தார். அம்முறையின் துணையால் 1929-இல், தசையிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளை இருவரும் கண்டறிந்து வெளியிட்டனர். ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டார். ஏ.டி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் இப்பொருளே, உயிரணு தன் வேலைக்குச் செலவிடும் காசு எனலாம். உண்ணும் சோறும் உள்ளிழுக்கும் காற்றும் முடிவில் இக்காசாகவே மாறுகின்றன.

இக்காசு மூளையில் எதற்குச் செலவாகிறது? இதற்கு விடை தந்தவர் டென்மார்க் நாட்டு ஜென்ஸ் ஸ்கூ. அவர் நண்டுக் காலின் நரம்பை ஆராய்ந்து, 1957-இல் ஒரு நொதியைப் பற்றி எழுதினார். நொதி என்பது உயிருடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதப்பொருள். ஸ்கூ கண்ட நொதி, ஏ.டி.பி.யைச் செலவழித்து, உயிரணுவுக்குள் புகும் சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துவிட்டுப் பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கும் இறைவைப் பொறி போன்றது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் மூளை உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும் உடல் பெறும் பிராணவாயுவில் நூற்றுக்கு 20 பங்கை அது வாங்கிக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி இந்த இறைவைக்கே செலவாகிறது. சேமிப்போ மிகக் குறைவு. அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் உலை வைக்கும் குடும்பம் போன்றது மூளை. குழாயில் கட்டி அடைத்து இரத்தம் நின்றுவிட்டால், சில நிமிடங்களில் கையிருப்புத் தீர்கிறது. இறைவை நிற்கிறது. சோடியமும் நீரும் உட்புகுந்து உயிரணு வீங்கி மடிகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என 2006-இல் ஜெஃப்ரி சேவர் என்னும் நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டார்.

ஆயினும் எல்லா அணுக்களும் ஒரே வேளையில் மடிவதில்லை. அடைப்பின் நடுப்பகுதி விரைவில் அழிகிறது. அதைச் சூழ்ந்த பகுதியோ, பக்கத்துக் குழாய்கள் வழியே கசிந்து வரும் சிறிதளவு இரத்தத்தால் உயிரைப் பிடித்துக்கொண்டு சில மணி நேரம் காத்திருக்கிறது. அணையும் தறுவாயிலுள்ள விளக்குக்கு அதனை ஒப்பிடலாம். உரிய காலத்தில் எண்ணெய் வார்த்தால் மீண்டும் எரியும். வார்ப்பது எப்படி?

இங்கே மற்றொரு நொதி வருகிறது. காயம் பட்டால் இரத்தம் உறைவது இறைவன் தந்த காவல். காயம் ஆறியபின் உறைந்ததைக் கரைக்கவும் நம் இரத்தத்திலேயே பிளாஸ்மின் என்னும் நொதி உண்டு. அது வாளா திரிந்தால் கேடு விளையுமாதலால், பிளாஸ்மினோஜன் என்னும் உறங்கும் வடிவில் இருக்கிறது. அதை எழுப்பும் பொருளொன்று வேண்டும். 1933-இல் அமெரிக்காவில் வில்லியம் டில்லெட் என்பார், தொண்டைப்புண் முதலியவற்றை உண்டாக்கும் ஒருவகைக் கிருமிகள் வெளிவிடும் பொருள் இரத்தக் கட்டியைக் கரைப்பதைக் கண்டார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் எனப்படும் அம்மருந்து மாரடைப்பு நோயாளர் பலரைக் காத்தது. நம் நாட்டிலும், சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார் அதனை உள்நாட்டிலேயே செய்யும் வழியை வகுத்தனர். ஆனால் மூளைத்தாக்குக்கு அது உதவவில்லை. 1990-களில் நடந்த ஆய்வுகளில் மூளையில் இரத்தக் கசிவு மிகுந்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. அம்மருந்து கட்டியுள்ள இடம், இல்லாத இடம் என்று பாராமல் உடலெங்கும் பிளாஸ்மினோஜனை எழுப்பிவிடுகிறது.

கட்டியுள்ள இடத்தில் மட்டும் வேலை செய்யும் பொருள் நம் திசுக்களிலேயே உண்டு என்பதை அறிந்திருந்தார்கள். ஆனால் அது கிடைக்கும் அளவு மிக அற்பம். பெல்ஜியம் நாட்டில், 1425-இல் நிறுவப்பட்ட லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தெசிரே கொலன் என்னும் பேராசிரியர் இதனைத் தேடினார். தோல் புற்றுநோய் ஒன்றிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட உயிரணுக்கள் இப்பொருளை மிகுதியாகச் சுரப்பது தெரியவந்தது. கொலனும் டிங்கெமன் ரெய்கன் என்பவரும் அவ்வணுக்கள் வளர்ந்த நீரிலிருந்து இந்நொதியைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, 1981-இல் அறிவித்தனர். கொல்லும் நோயின் அணுவிலிருந்தே காக்கும் மருந்து வந்தது விந்தையன்றோ! அடுத்த இரண்டாண்டில் அதன் மரபுக்கூறும் அறியப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் வேண்டிய அளவு செய்ய வழி பிறந்தது. இதுவே அல்டெப்ளேஸ். இரத்தக் கட்டியின் நாரைப் பற்றிக்கொண்ட பின்பே இதன் ஆற்றல் பன்மடங்கு உயர்கிறது. ஆகவே வேலை பெரும்பாலும் கட்டியின்மேலேயே நிகழ்கிறது.

1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 624 நோயாளரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. மூளைத்தாக்கு நேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் இந்த ஊசி பெற்றவர்கள், பெறாதவர்களைக் காட்டிலும், மூன்று மாதம் கழித்து ஊனம் சிறிதுமின்றியோ மிகச் சிறிதளவுடனோ தேறியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 30 பங்கேனும் கூடுதலாக இருந்தது. தீங்கும் இல்லாமல் இல்லை. நிலைமையை மோசமாக்கும் மூளைக் கசிவு, ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 6.4 பேருக்கும் மற்றவரில் 0.6 பேருக்கும் நேர்ந்தது. 1996-இல் அந்நாட்டு அரசு அனுமதி அளித்தது. 2008-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, காலக்கெடுவை நான்கரை மணி வரை நீட்டலாம் எனக் காட்டிற்று. ஒரே ஊசியாகச் செலுத்தத்தக்க டெனெக்டெப்ளேஸ் என்னும் மாற்று வடிவமும் இப்போது வழக்கில் உள்ளது. பெரிய குழாய் அடைபட்டவர்களுள் தேர்ந்தெடுத்த சிலருக்கு, தொடை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்திக் கட்டியையே இழுத்தெடுக்கும் முறையும் உண்டு; அது 24 மணி நேரம் வரையிலும் சிலருக்குப் பயன்படுகிறது. ஆயினும் எம்முறையாயினும் முந்தினவர்க்கே நன்மை மிகுதி.

இத்தனை பேர் உழைப்பால் உருவான மருந்து மருத்துவமனைப் பெட்டியில் ஆயத்தமாக இருந்தது. மேட்டுப்பாளையத்துக்கு அண்மையிலுள்ள கோரிமேட்டில் ஜிப்மர் நிறுவனம் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்து, நடுவண் அரசின் நிறுவனமாகி, 2008-இல் நாட்டின் முதன்மைச் சிறப்பு நிறுவனங்களுள் ஒன்றாக உயர்த்தப்பட்டது அது. இத்தகைய ஊரில் வாழ்ந்தும், மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே தடையாக நின்றவர்கள் யார்? தைலப் புட்டியும் சோடாவும் கையில் ஏந்தி, அன்பு நிறைந்த உள்ளத்தோடு நின்ற நாமே.

இனி, அந்த மருத்துவமனையில் நாம் கண்ட மற்றொன்றையும் சொல்லவேண்டும். ஊசிக்குக் காலம் கடந்துவிட்டதென அறிந்து அம்மையார் அழுதுகொண்டே, வழியில் வாங்கிய இளநீரைக் கணவர் வாயருகே கொண்டுபோனார். அப்போது பணியிலிருந்த செவிலியர் விரைந்து வந்து அவர் கையை மெதுவாகப் பற்றினார்.

“அம்மா, இப்போது வாயில் ஒரு சொட்டும் விடவேண்டாம். இவரால் விழுங்க முடிகிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன், பிறகு கொடுக்கலாம்.”

“தொண்டை வறண்டு கிடக்கிறாரே சிஸ்டர்!”

“தெரியுதம்மா. ஆனால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விட்டால், இந்த நோயைவிட அது பெரிய ஆபத்து.”

பின்னர் அவர் பெரியவரை நிமிர்த்தி அமரவைத்து, விழிப்பாக இருக்கிறாரா, இரும முடிகிறதா எனப் பார்த்து, சிறு கரண்டி நீர் கொடுத்துத் தொண்டையின் அசைவைக் கவனித்தார். புரையேறவே அத்துடன் நிறுத்தி, மூக்கு வழியே குழாய் வைக்க ஏற்பாடு செய்தார். காலையில் நாம் புகட்டிய சோடாவை நினைத்து நம் உள்ளம் நடுங்கிற்று.

அச்செவிலியரின் செயல் வெறும் முன்னெச்சரிக்கையன்று. அதற்கும் ஆராய்ச்சியின் சான்று உண்டு. ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் செவிலியல் பேராசிரியை சாண்டி மிடில்டன், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 மூளைத்தாக்குப் பிரிவுகளில் ஓர் ஆய்வை நடத்தி 2011-இல் வெளியிட்டார். அதில் புதிய மருந்து ஏதுமில்லை, விலையுயர்ந்த கருவியுமில்லை. மூன்றே செய்திகள்: காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். காய்ச்சலைக் குறித்த நேரந்தோறும் அளந்து உடனே தணிப்பது, இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக் கட்டுப்படுத்துவது, விழுங்கும் திறனைச் சோதித்த பின்பே உணவும் நீரும் மருந்தும் வாய்வழி தருவது. இவற்றை ஒழுங்காகச் செய்யச் செவிலியர்களைப் பயிற்றுவித்த பிரிவுகளில், 90 நாட்களுக்குப் பின் இறந்தோரும் பிறர் உதவியை நாடி வாழ்வோரும் நூற்றுக்கு 42 பேர்; மற்றப் பிரிவுகளில் நூற்றுக்கு 58 பேர். கட்டில் அருகே நிற்கும் ஒரு பெண்ணின் விழிப்பு, உலகப் புகழ் வாய்ந்த மருந்துக்கு ஈடான நன்மையைச் செய்திருக்கிறது!

ஊசி பெற்ற நோயாளிக்கும் செவிலியரே காவல். மருந்து ஏறத் தொடங்கியது முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, பின் ஆறு மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறை, அதன்பின் ஒரு நாள் நிறையும் வரை மணிக்கொருமுறை இரத்த அழுத்தத்தையும் பேச்சையும் கைகால் வலிமையையும் பார்த்துக் குறிக்கவேண்டும். திடீர்த் தலைவலியோ வாந்தியோ மயக்கமோ கண்டால், கசிவு நேர்ந்ததோ என ஐயுற்று மருத்துவரை அழைக்கவேண்டும். சுப்பராவ் பாஸ்டனில் மலசலக் கலம் துலக்கிய இரவுகளையும், நம் வார்டுகளில் செவிலியர் விழித்திருக்கும் இரவுகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்கிறோம். 1827-இல் குளூனி சபை அருட்கன்னியர் வந்திறங்கிய இப்புதுவை மண்ணுக்கு, நோயாளரைப் பேணுதல் புதிதன்று. ஆனால் அதனை இரக்கச் செயல் என்று மட்டும் எண்ணி, அது ஓர் அறிவுத்துறை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

“எங்களுக்கு அன்பான குடும்பம் இருக்கிறது; வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம்” என்று கூறுவது நம் நாட்டு வழக்கம். இதனையும் ஆராய்ந்திருக்கிறார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் முதலானோர், நம் நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளரிடம் ஆய்வு நடத்தி 2017-இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு, குடும்பத்தாருள் ஒருவருக்கே உடற்பயிற்சி முறைகளைக் கற்பித்து அனுப்பினார்கள். மறு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் இரு பிரிவிலும் இறந்தோரும் பிறரைச் சார்ந்தோரும் நூற்றுக்கு 47 பேராகவே இருந்தனர். குடும்பத்தின் அன்பு வீண் என்று இதற்குப் பொருளன்று. தேர்ந்த கைகள் செய்யவேண்டியதை அன்பு மட்டுமே செய்துவிட இயலாது என்பதே பொருள். அன்பு செய்யத்தக்கவை வேறு உண்டு. அவற்றுள் முதலாவது, காலத்தை வீணாக்காதிருத்தல்.

ஆகவே வாசகர்களே, பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டு நாட்காட்டியின் அருகே ஒட்டிவையுங்கள்.

ஒருவருக்குத் திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள். இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மூளைத்தாக்கு என்றே கொண்டு, உடனே 108-ஐ அழையுங்கள். மூளையைப் படமெடுக்கும் வசதியும் ஊசி போடும் வசதியும் உள்ள மருத்துவமனை எதுவென இன்றே விசாரித்து வையுங்கள். கடைசியாக அவர் நலமாக இருந்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். உறங்கி எழுந்தபோது கண்டதாயின், உறங்கச் சென்ற நேரமே கணக்கு. தண்ணீர், சோடா, காப்பி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கவேண்டாம். ஆஸ்பிரினும் வேண்டாம், அடைப்பா, கசிவா என்பதைப் படம் பார்க்காமல் எவரும் அறிய முடியாது. சில நிமிடங்களில் தானே சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். வீடு திரும்பிய நோயாளியைத் தூக்கும்போது, வலிமையற்ற கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இரத்த அழுத்த மாத்திரையை, “இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று நிறுத்தாதீர்கள். நம் பெரியவர் அதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அவர் இப்போது கோலூன்றி நடக்கிறார். வலக்கை இன்னும் மடங்கியே இருக்கிறது. சென்ற வாரம் காணச் சென்றபோது, அம்மையார் காப்பியைச் சிறு சிறு மிடறாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மிடற்றுக்கும் பின் அவர் தொண்டையைப் பார்த்தார். எங்கே கற்றீர்கள் என வினவினோம். “அந்த சிஸ்டர் காட்டிக் கொடுத்தார்” என்றார். பெரியவர் நம்மை நோக்கி ஏதோ சொன்னார். இருமுறை கேட்டபின்பே விளங்கிற்று: “அன்றைக்கு நேரம் போயிற்றே!”

அதில் குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் அச்சொல் நம்மை விட்டு அகலவில்லை. பாஸ்டனிலும் லூவேனிலும் தொடங்கிய சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் வீட்டு வாயிலில் இருக்கிறது. இனி ஒரு வீட்டிலேனும் அது அறுந்துபோகாதிருக்க விழிப்போடிருப்போமாக.